தெரிந்தவள் வலது கை

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் "எங்க காலத்துலயும் இதே கூத்துதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நமக்கு நேரமில்லை.

அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்பு 'சி' பிரிவுக்கு ஆங்கிலம் எடுப்பவள் ஜெபராணி. வயது முப்பத்தொன்று. எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு, திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நாலு வருஷம் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் நின்றவள். அங்கே வருகிற ஒரு அம்மாவாவது பத்துத் துணியை எடுத்துப் போடச் சொல்லாமல் போனதில்லை, பத்தையும் பார்த்துவிட்டு "வேற டிசைன் இருக்கா?" என்று கேட்காமல் போனதும் இல்லை. அந்தப் பொறுமையெல்லாம் வீண் போகவில்லை. அவ்வளவு பொறுமை இல்லாதவள் 'சி' பிரிவுக்குள் காலே வைக்க முடியாது.

இந்தப் பள்ளியில் மூன்று வருஷமாக அவள் தற்காலிக ஆசிரியை. ஏப்ரல் வந்தால் "போயிட்டு வா" என்பார்கள், ஜூன் வந்தால் "வந்துட்டியா?" என்பார்கள். போகும்போது திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் அந்த ஜவுளிக்கடையைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு முழங்கால் தானாக வலிக்கும்.

இந்த வருஷம் விஷயம் வேறு. இன்பமணி டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆங்கிலத்துக்கு ஓர் இடம் நிரந்தரமாகவே காலி. நிர்வாகக் கமிட்டி அதற்கு ஆள் போடப் போகிறது. கமிட்டியில் ஒருவருடைய மருமகள் ஏற்கெனவே புதுக் கைப்பை வாங்கிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. ஆனாலும் தலைமையாசிரியை சாரம்மாள் ஒரு பெயரைச் சொன்னால் கமிட்டி அதைத் தட்டாது. அந்தக் கமிட்டியில் மூன்று பேருக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்து முட்டி போட வைத்ததே சாரம்மாள்தான்.

அவரைப் பள்ளியில் எல்லாரும் பெரிய டீச்சர் என்பார்கள். சந்தோஷம் வந்தாலும் "ஸ்தோத்திரம்" என்பார், கோபம் வந்தாலும் "ஸ்தோத்திரம்" என்பார். எது எந்த ஸ்தோத்திரம் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பள்ளியில் நிலைத்ததில்லை.

ஜனவரி மாதம் ஒருநாள் அவர் ஜெபராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை டி.இ.ஓ. வாராரு. சுடலையாண்டி சார். முன்னால இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவரு. போற பள்ளிக்கூடத்துலயெல்லாம் பதினொண்ணாம் கிளாஸுக்குள்ள நுழைஞ்சு, சிமிலின்னா என்ன, மெட்டபர்னா என்னன்னு ஒரே கேள்வியா கேக்காராம். ஒரு எடத்துல ஒரு பிள்ளையும் வாயத் தொறக்கலயாம். விசிட் புக்குல ரெண்டு பக்கத்துக்கு எழுதிட்டுப் போயிருக்காரு."

"நம்ம பிள்ளைங்க சொல்லிருவாங்க டீச்சர்."

"சொன்னா, கமிட்டியில உன் பேரச் சொல்லுதேன். சொல்லலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஸ்தோத்திரம்."

இது எந்த ஸ்தோத்திரம் என்று ஜெபராணிக்குப் பிடிபடவில்லை.

பாடப் புத்தகத்தின் கடைசியில் ஆங்கில அணிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சிமிலி, மெட்டபர், பர்சானிபிகேஷன், ஹைப்பர்போலி, அலிட்டரேஷன், ஐரனி, ஆக்சிமோரான் என்று மொத்தம் இருபத்திரண்டு. 'சி' பிரிவுப் பிள்ளைகள் அதையெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தார்கள். எப்படி? சர்ச் உபதேசியார் மகள் ஸ்டெபி, வேதாகமச் சங்கீதம் ஒப்பிக்கிற ராகத்தில் எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருந்தாள். அவள் எழுந்து சிமிலிக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு நாள் ராகத்தோடு ராகமாகக் கடைசியில் "ஆமென்" என்றும் சேர்த்துவிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் கூடவே "ஆமென்" என்றார்கள், மேலப்பாளையத்திலிருந்து வருகிற நாலு முஸ்லிம் பிள்ளைகளும் சேர்த்து.

விளக்கம் வந்தது. ஓர் உதாரணம் சொல்லு என்றால்தான் வராது. புத்தகத்தில் இருக்கிற சிங்கத்தையும் ரோஜாவையும் விட்டால் ஸ்டெபிக்கே வேறு தெரியாது. சுடலையாண்டி சார் புத்தகத்தில் இருக்கிறதைக் கேட்கவே மாட்டார் என்பதும் ஊரறிந்த சங்கதி.

ஜெபராணி பலகையில் 'ஐரனி' என்று எழுதிவிட்டு நின்றாள். அதை எப்படி விளக்குவது? சொல்கிறது ஒன்று, அர்த்தம் அதற்கு நேர் எதிர் என்றாள். நாற்பத்தோரு முகங்களும் அவளை அப்படியே பார்த்தன. அந்த நேரத்தில் வாசலில் விஜயஸ்ரீ வந்து நின்றாள்.

விஜயஸ்ரீக்கு ஊர் சீவலப்பேரி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் சரியான நேரத்துக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தப் பஸ்ஸுக்கும் அவளுக்கும் என்னமோ ஏழாம் பொருத்தம்.

"வாங்க கலெக்டரம்மா" என்றாள் ஜெபராணி. "இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே! ஊர்ல வேல எல்லாம் முடிஞ்சுட்டா? உங்களுக்காவத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். ஒரு மாலை போட்டிருக்கலாம், வாங்க நேரமில்லாமப் போச்சு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. பலகையை ஒரு தடவை பார்த்தாள், மிஸ்ஸை ஒரு தடவை பார்த்தாள்.

"மிஸ், இதானே அது?"

"எது?"

"ஐரனி. நான் லேட்டு. நீங்க சீக்கிரம்ங்கீங்க. நான் கலெக்டரும் இல்ல." பைய உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டே, "இதுக்கா மிஸ் இவ்வளவு பெரிய பேரு? எங்க அம்மா காலையில எந்திரிச்சதுலருந்து இதத்தான பேசுதா!" என்றாள்.

ஜெபராணிக்குச் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. அடேயப்பா, இது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை! திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கிண்டலைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்கப் போன கதைதான்.

அன்றைக்கே புத்தகத்தை மூடச் சொன்னாள். "உங்க வீட்டுல, தெருவுல, பஸ்ஸுல பேசுதத எழுதுங்க. முதல்ல தமிழ்ல யோசிங்க, பெறகு இங்கிலீஷ்ல மாத்துங்க" என்றாள். ஒரு வாரம் 'சி' பிரிவு அமளிதுமளிப்பட்டது. 'எங்க அம்மா திட்டு புளியோதரை மாதிரி, ரெண்டு நாளானாலும் கெட்டுப்போகாது' என்று ஒருத்தி சிமிலி எழுதினாள். 'மேலப்பாளையம் ரவுண்டானாவில் ஆட்டோ நின்ன நேரத்துக்குள் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்திருக்கும்' என்று அளவுமீறிப் புளுகி ஒருத்தி ஹைப்பர்போலி எழுதினாள். சீவலப்பேரி பஸ் தன்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது என்று பஸ்ஸை ஆளாக்கி விஜயஸ்ரீ பர்சானிபிகேஷன் எழுதினாள். ஒரே எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகளை அடுக்குகிற அலிட்டரேஷனுக்கு 'பாளையங்கோட்டை பீப்பிள் பிரிஃபர் பரோட்டா' என்று வந்ததை மிஸ்ஸே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

'மாதிரி' போடாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொல்கிற மெட்டபர் பக்கத்தில்தான் வினை வந்தது. நாற்பத்திரண்டு நோட்டில் பதினேழு நோட்டில் ஒரே வாக்கியம்: 'அவர் ஹெட்மிஸ்ட்ரஸ் இஸ் எ பிரஷர் குக்கர்.'

"ஏட்டி, இத மட்டும் செவ்வாய்க்கிழமை யாராவது வாயத் தொறந்து சொன்னீங்க..." என்று ஜெபராணி கையெடுத்துக் கும்பிட்டாள். "சொல்ல மாட்டோம் மிஸ்" என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். அவர்கள் சத்தியத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன?

பியூலா ஒருத்திதான் ஒன்றுமே எழுதவில்லை. அவளுக்கு ஊர் புன்னக்காயல். அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அங்கே நாள் முழுக்கப் பேசுவாள் என்று ஹாஸ்டல் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆங்கில வகுப்புக்குள் வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. "எனக்கு வராது மிஸ்" என்பாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரிய டீச்சர் வகுப்புக்கு வந்தார்.

"எல்லாரும் கவனிங்க. நாளைக்கு ஐயா கேள்வி கேக்கும்போது எல்லாரும் கை தூக்கணும். ஒரு கை கூட கீழ இருக்கப்படாது. ஆனா, பதில் தெரிஞ்சவ வலது கை. தெரியாதவ இடது கை. மிஸ் வலது கையப் பாத்து, இவள எழுப்பலாம் சார்ன்னு சொல்லுவாங்க. வெளங்கிட்டா?"

"வெளங்கிட்டு டீச்சர்."

"நான் இதே பெஞ்சுல படிக்கும்போதும் இதேதான். ஒரு தடவ கூட தப்பினதில்ல. ஸ்தோத்திரம்."

ஜெபராணி அவர் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போனாள். அங்கே பேசுவது ஜன்னலோரப் பிள்ளைகளுக்குக் கேட்கும். "டீச்சர், இது எதுக்கு? பிள்ளைங்களுக்கு நெசமாவே தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. தெரியலன்னா? உனக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஜெபராணிக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் ஒரு வாரமாக எப்படி எழுதினார்கள் என்று பார்த்தவள் அவள். அவர்களை நம்பாமல் கையை நம்புகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் ஜவுளிக்கடைப் படிக்கட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். பயம் அப்படித்தான், வெட்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகவே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு சுடலையாண்டி சார் பெரிய டீச்சரோடு வகுப்புக்குள் வந்தார். பெயரைக் கேட்டு அரிவாள் மீசையோடு ஒரு ஆளை எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். குள்ளமாக, ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. கேள்வியில் பாதி ஆங்கிலம், மற்றதெல்லாம் நல்ல நெல்லைத் தமிழ்.

"உக்காருங்க, உக்காருங்க. என்னயப் பாத்தா புலி மாதிரியா இருக்கு? சரி, இது என்ன? இப்ப நான் சொன்னது?"

நாற்பத்திரண்டு கைகள் மேலே போயின. அதில் முப்பதுக்கு மேல் வலது கை. ஜெபராணி முன்வரிசையில் ஸ்டெபியைக் காட்டி, "சார், இவள..." என்று ஆரம்பித்தாள்.

சுடலையாண்டி சார் அதைக் காதிலேயே வாங்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கைகளைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. நேராக நாலாவது வரிசைக்குப் போய், இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்த பியூலாவிடம் நின்றார்.

"நீ சொல்லு தாயி."

பியூலா எழுந்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். மின்விசிறி என்ன சொல்லும்? "உக்காரு" என்றார். அடுத்து இரண்டாவது வரிசையில் இன்னொரு இடது கை. அதுவும் எழுந்து மின்விசிறியைப் பார்த்தது. மூன்றாவதும் இடது கை. பெரிய டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெபராணிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷனும் வாத்தியார்தானே! இவர் பார்க்காத கையா? இவரே எத்தனை அதிகாரிக்கு எத்தனை கையைத் தூக்க வைத்திருப்பாரோ. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். தெரிந்த முப்பது பேர் வலது கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் இவர் திரும்பவே போவதில்லை.

ஆனால் 'சி' பிரிவை யாரென்று நினைத்தீர்கள்? சார் பலகைப் பக்கம் திரும்பி நடந்த அந்த நாலு எட்டுக்குள், ஜன்னலோரத்திலிருந்து விஜயஸ்ரீ முன்பெஞ்சுப் பிள்ளையின் முதுகில் விரலால் குத்தினாள். அது அடுத்ததைக் குத்தியது. சார் திரும்பி, "கிவ் மீ எ ஹைப்பர்போலி" என்றார். கைகள் மேலே போயின. இந்தத் தடவை முப்பது இடது கை.

அவர் நம்பிக்கையோடு ஓர் இடது கையை எழுப்பினார். அந்தப் பிள்ளை மேலப்பாளையம் ரவுண்டானாவையும் ஆட்டோவையும் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

சுடலையாண்டி சாருக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கே வந்துவிட்டது. "அப்படியா சங்கதி" என்றார். அடுத்த கேள்விக்கு வலது கையை எழுப்பினார். அதற்குள் கைகள் மறுபடி மாறிவிட்டன. அந்த வலது கை சீவலப்பேரி பஸ்ஸைப் பற்றிச் சொன்னது. அதற்கடுத்து இடது கை. பாளையங்கோட்டை பீப்பிள் பிரிஃபர் பரோட்டா. "மீ டூ" என்றார் சார். அவருக்கும் வெறி பிடித்துவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு, கையைத் தேர்ந்தெடுக்காமல் அப்படியே காத்து நின்றார். கைகள் தவித்தன. வலதா, இடதா? ஒருத்தி வலதைத் தூக்கி இறக்கி இடதைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவளுக்குக் குழப்பம் தாங்கவில்லை, இரண்டையும் தூக்கிவிட்டாள். அதைப் பார்த்து வகுப்பே இரண்டு கையையும் தூக்கியது. சர்ச்சில் நடக்கிற எழுப்புதல் ஜெபக் கூட்டத்தில்கூட அத்தனை கை ஒன்றாக உயர்ந்து பெரிய டீச்சர் பார்த்ததில்லை.

"மெட்டபர்!" என்றார் சார், எதிரே இருந்த ஸ்டெபியைப் பார்த்து விரலை நீட்டி.

ஸ்டெபி நல்ல பிள்ளை. பயத்தில் புத்தகத்துச் சிங்கம் மறந்துபோயிற்று. பதினேழு நோட்டில் இருந்த வாக்கியம்தான் வாயில் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடலையாண்டி சார் திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தார். "கரெக்ட்டா டீச்சரம்மா?"

"ஸ்தோத்திரம்" என்றார் பெரிய டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. இது எந்த ஸ்தோத்திரம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிரிப்பு அடங்கட்டும் என்று சார் நின்றார். அப்போதுதான் கவனித்தார். வகுப்பே இரண்டு கையையும் தூக்கியபோது ஜன்னலோரத்தில் ஒரு பிள்ளை மட்டும் தூக்கியிருக்கவில்லை. இரண்டு கையையும் மடக்கி டெஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, உன் பேரென்ன?"

"விஜயஸ்ரீ, சார்."

"உனக்குக் கை வலியா?"

"இல்ல சார்."

"அப்ப ஐரனின்னா என்ன, சொல்லு. உதாரணத்தோட. தமிழ்லயே சொல்லு."

விஜயஸ்ரீ எழுந்தாள். ஜெபராணியை ஒரு தடவை பார்த்தாள். வழக்கமாக அந்த முகத்தில் இருக்கிற குறும்பு இல்லை. அழுதுவிடுவாளோ என்று ஜெபராணிக்குப் பதறியது.

"சார், தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கைன்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. உங்களுக்கும் அது தெரிஞ்சிட்டு. ஆனா எங்களுக்கு எல்லாம் நெசமாவே தெரியும் சார். மிஸ் ஒரு வாரமா உசுரக் குடுத்து நடத்துனாங்க. நீங்க நல்லா எழுதுனா மிஸ்ஸுக்கு இங்க வேல நிலைக்கும்னு தெரிஞ்சுதான் நாங்களும் கைய மாத்தி மாத்தித் தூக்குனோம். இப்பப் பாத்தா அந்தக் கையாலதான் மிஸ்ஸுக்கு வேல போகப் போகுது. நாங்க திருட்டுப் பிள்ளைங்க, மிஸ் திருட்டு மிஸ்ஸுன்னு நீங்க எழுதிருவீங்க." மூக்கை உறிஞ்சினாள். "இதான் சார் ஐரனி. இத நெனச்சுத்தான் கடைசியில நான் கையவே தூக்கல."

பாவி மகள், பதிலை அச்சுப் பிசகாமல் சொல்லிவிட்டாளே என்று ஜெபராணிக்குப் பெருமையாக இருந்தது. இனி இந்த வகுப்புக்குள் வரவே முடியாதே என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

"யாரோட ஏற்பாடு இது?" என்றார் சார். குரலில் சிரிப்பில்லை.

ஜெபராணி பெரிய டீச்சரைப் பார்க்கவில்லை. "என்னோடதுதான் சார். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், சொல்லல."

"அவளுதில்ல" என்றார் பெரிய டீச்சர்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "என்னோட ஏற்பாடு சார். பிள்ளைங்களுக்குத் தெரியும்னு இவ நேத்தே சொன்னா. நான்தான் நம்பல. வேல வேணுமா வேண்டாமான்னு மெரட்டி அவ வாய அடைச்சேன். எழுதணும்னா என் பேரப் போட்டு எழுதுங்க."

சுடலையாண்டி சார் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், மறுபடி அங்கேயே செருகினார். "நானும் பதினெட்டு வருசம் பிள்ளைங்கள இப்படிக் கை தூக்க வச்சவன்தான் டீச்சரம்மா. உங்க பேரப் போட்டா என் பேரையும் சேத்துப் போடணும். அது வேண்டாம். ஆனா இந்த வாத்தியாரம்மா நடத்துனத எழுதுவேன். ரெண்டு பக்கத்துக்கு எழுதுவேன்." பிறகு வகுப்பைப் பார்த்து, "ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஆக்சிமோரான். கையெல்லாம் கீழ இருக்கட்டும். தெரிஞ்சவ எந்திரிச்சு வந்து பலகையில எழுதுனாப் போதும்" என்றார்.

ஆக்சிமோரான் கொஞ்சம் கஷ்டம். ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கிற இரண்டு வார்த்தை, பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். ஸ்டெபி யோசித்தாள். விஜயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரிசையில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

பியூலா எழுந்து வந்தாள்.

பின்னாலிருந்து யாரோ "ஏட்டி, எங்கன போற?" என்று கிசுகிசுத்தார்கள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. சாக்பீஸை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக, எழுத்துக்கூட்டி எழுதினாள். எழுதிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்:

"அவர் மிஸ் இஸ் பெர்மனென்ட் டெம்பரரி."

யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசைக்குப் புரிந்து, அடுத்த வரிசைக்குப் புரிந்து, கடைசி வரிசைக்கும் புரிந்தது.

"அர்த்தம் சொல்லு" என்றார் சார், மெதுவாக.

"மூணு வருசமா டெம்பரரி சார். போகவும் விட மாட்டாங்க, வைக்கவும் மாட்டாங்க. நான் ஒம்பதாவது படிக்கும்போதும் டெம்பரரி, இப்பவும் டெம்பரரி. அதான் அதுலயே பெர்மனென்ட் ஆயிட்டாங்க." ஒரு வருஷத்தில் ஆங்கில வகுப்பில் அவள் பேசிய மொத்தப் பேச்சையும் அந்த ஒரு நிமிஷத்தில் பேசிவிட்டாள்.

ஜெபராணி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஜவுளிக்கடையில் எத்தனையோ பேர் அவளை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், கண் கலங்கியதில்லை. இந்தப் பிள்ளை சொன்னது உள்ளே எங்கேயோ போய்ப் பட்டுவிட்டது.

"டீச்சரம்மா" என்றார் சுடலையாண்டி சார். "பதில் சரி. மார்க் நான் போட்டுருவேன். ஆனா இந்த வாக்கியம் இப்படியே கிடக்கணுமா?"

பெரிய டீச்சர் பலகைக்குப் போனார். டஸ்டரை எடுத்தார். அவருக்கு உயரம் போதாது, எக்கித்தான் அழிக்க வேண்டியிருந்தது. சாக்பீஸ் தூள் அவருடைய வெள்ளைச் சேலை முந்தானையில் விழுந்தது. கடைசி வார்த்தையை மட்டும், ஓரெழுத்தும் தங்காமல் நன்றாகத் தேய்த்து அழித்தார். மீதி வாக்கியத்தைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது" என்றார், பலகையைப் பார்த்தபடியே. "சர்டிபிகேட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வா ஜெபராணி. நான் கூட வாரேன்."

ஜெபராணி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதாள்.